முத்னிட்சாவின் தலைகீழ் வாத்துகள்

பார்லோவாட்ஸ்,
9 டிசம்பர் 1984

என் அக்காள் பெற்ற அறிவுக்கொழுந்து நெவென்காவுக்கு,

நீ அனுப்பிய கேமராவும், அதைவிடக் கனமான உபதேசக் காகிதமும் வந்து சேர்ந்தன. கேமராவை வைத்துக்கொண்டேன். காகிதத்தை லூட்சா மாமியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "வாத்துகளைக் கலைக்கக் கூடாது. தீனி எதுவும் போடக் கூடாது. அவை தாமாக எதைத் தின்கின்றனவோ அதை மட்டும் படம் எடுக்கவும்." யாருக்கு எழுதுகிறாய் இதை? நடை பழகுவதற்கு முன்பே முத்னிட்சா ஏரியில் படகு தள்ளியவன் நான். வாத்துகளுக்கு என்னைத் தெரியும். போன வாரம் ஒரு கிளுவை வாத்து என் தொப்பியின் மேல் வந்து உட்கார்ந்து, இறகைக் கோதி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனது. மாமி சிரித்தாள். அவள் சிரிக்கட்டும். நீ சிரிக்காதே.

விஷயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த எஞ்சினியர் விதோஷ் சொல்வது என்ன? வாத்துகள் நம் ஏரிக்குத் தூங்கத்தான் வருகின்றனவாம், வயிறு நிரப்புவதெல்லாம் மேட்டுச் சோள வயலிலாம், ஆகவே ஏரியை இறைத்துவிட்டு ஆரஞ்சு நட்டால் ஒரு வாத்துக்கும் நஷ்டமில்லையாம். அவை ஏரியிலேயே தின்கின்றன என்று நீ, ஏரியை இறைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற குழுவின் முன் காட்டிவிட்டால் ஏரியைத் தொட முடியாது. அவ்வளவுதானே? இதற்கு ஸாக்ரெப் மியூசியத்தில் மேஜை போட்டு உட்கார வேண்டுமா?

படங்களை மெட்கோவிச்சில் கழுவி, நல்லதாகப் பொறுக்கி அனுப்பியிருக்கிறேன். பார். ஒவ்வொரு வாத்தும் கல்யாணப் பெண் மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மூடுபனியில் மார்பளவு தண்ணீரில் நின்று எடுத்தேன், மீசையில் ஐஸ் கட்டி அது உடைந்து விழுந்த சத்தத்தில் ஒரு கூட்டமே எழுந்து பறந்தது. ஒரு இத்தாலியன் இந்தப் படங்களுக்காகத் தன் காரையே தருகிறேன் என்றான். போடா என்றேன்.

நன்றியை மெதுவாக எழுது, அவசரமில்லை.

உன் மாமன்
கிர்கோ


ஸாக்ரெப்,
17 பிப்ரவரி 1985

மாமா,

'அன்புள்ள' என்று எழுத முயன்றேன். பேனா ஓடவில்லை.

வியாழக்கிழமை மெட்கோவிச்சில் குழு கூடியது. நீங்கள் அனுப்பிய படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். பெருமையோடு நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விதோஷ் எழுந்தார். படத்தின் அருகே போனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"ஏம்மா, முத்னிட்சா வாத்தெல்லாம் கால்ல கயிறு கட்டிக்கிட்டுத்தான் சாப்பிட உக்காருமா?"

கயிறு. தண்ணீருக்கு மேலே விரல் நீளம் தெரிந்தது. நான் அதை நாணல் என்று நினைத்திருந்தேன். பிறகு அடுத்த படத்துக்குப் போனார்.

"வாயில மஞ்சளா என்னமோ இருக்கே. நம்ம சோளம்தானே அது? இதைத்தானேம்மா ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்களே படம் புடிச்சு மாட்டியிருக்கீங்க, ரொம்ப நன்றி."

மண்டபமே சிரித்தது. நான் அந்தச் சிரிப்புக்கு நடுவே படங்களைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஆணி ஒன்று வரவில்லை, கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கயிற்றில் இருந்தது உங்கள் சீமாட்டி. வேட்டைக்கு நீங்கள் கல்லில் கட்டி விடும் அதே அழைப்பு வாத்து. போன கோடையில் என் கையால் ரொட்டி பிய்த்துப் போட்டிருக்கிறேன் அதற்கு. அதன் முகத்தைச் சுவரில் மாட்டி 'காட்டு வாத்து' என்று கீழே எழுதி வைத்தவள் நான். உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது. மீதிப் பாதியே உங்களுக்குத் தாராளம்.

எதையும் போடக் கூடாது என்று எழுதியிருந்தேன். அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் உங்களுக்கு எந்தச் சொல் புரியவில்லை?

ஏப்ரலில் கடைசியாக ஒருமுறை கூடுவார்கள். அதற்குள் பதில் வேண்டும். கதை வேண்டாம். கட்டாமல், சோளம் தூவாமல் எடுத்த படம் ஒன்றாவது உங்களிடம் உண்டா, இல்லையா?

நெவென்கா


பார்லோவாட்ஸ்,
24 பிப்ரவரி 1985

நெவென்கா என்கிற நீதிபதிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. ஒயின் கடையில் எல்லார் முன்னாலும் மாதோ கேட்கிறான்: "என்ன கிர்கோ, எங்க வீட்டு வாத்துக்கும் ஒரு ஃபோட்டோ புடிச்சுக் குடேன், வரன் பாத்துக்கிட்டிருக்கோம்." முப்பது வருஷமாக என் பின்னால் படகு விட்ட பயல்! என்னைப் பார்த்து! நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன், அவன் கையிலிருந்த கிளாஸ் விரிசல் விட்டது.

கயிறு கட்டினால் என்ன? இந்த ஊரில் படகு வைத்திருக்கும் எவனாவது அழைப்பு வாத்து இல்லாமல் ஏரியில் இறங்குவானா? பெட்டையைக் கல்லில் கட்டிவிட்டால் அது கத்தும். மேலே போகிற ஆண் வாத்துகள் இறங்கும். நாலு பிடி சோளம் போட்டால் நிற்கும். வாத்தைக் கூப்பிடத் தெரிந்தவனுக்குத்தான் இங்கே மரியாதை. கூப்பிடாமல் தானாக வந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை நாங்கள் சோம்பேறி என்போம். வாத்து தின்கிற படம் கேட்டாய். வாத்து, தின்கிறது, படம். இதில் எதைக் குறைத்தேன்?

உனக்காக இடுப்பில் வாதம் வாங்கினேன். மெட்கோவிச் டாக்டர் என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குள்ள ஒரு ஏரியே இருக்குண்ணே" என்றார். உனக்காக!

தாமாகத் தின்பதுதானே வேண்டும்? இந்தா, பிடி. இத்துடன் இருக்கிற பொட்டலத்தைப் பிரித்துப் பார். நான் கழித்துப் போட்டவை, மாமி அடுப்பு பற்றவைக்க எடுத்து வைத்திருந்தாள். சீமாட்டிக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் எடுத்தது. சோளமும் தீர்ந்திருந்தது. ஒரு வாத்தாவது முகம் காட்டியதா? எல்லாம் பின்பக்கம்! ஏரி முழுக்க வால்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஊசிவால் வாத்து என்றால் அதன் கழுத்தழகுக்குப் பெயர் போனது, அந்தக் கழுத்து மொத்தமும் சேற்றில். தட்டைவாயன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிறுக்குப் பிடித்த மாதிரி வட்டம் சுற்றுகின்றன. இதைத்தான் நீ மாட்ட வேண்டும். உன் மியூசியத்து வாசலில் மாட்டு. உன்னைப் போலவே மாமனுக்கு முதுகைக் காட்டுகிற ஜாதி.

கிர்கோ


ஸாக்ரெப்,
3 மார்ச் 1985

மாமா,

பொட்டலம் வந்தது. அவமானப்படுத்த அனுப்பினீர்கள். அதைப் பிரித்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் கூடியிருக்கிறது.

இதுதான் மாமா நான் கேட்டது. இதேதான்! ஊசிவால் தலைகீழாக நின்றால் அது ஏரியின் அடிச் சேற்றைத் துழாவுகிறது என்று அர்த்தம். ஒரு படத்தில் அது தலையைத் தூக்கிய நொடியில் நீங்கள் கேமராவை அமுக்கியிருக்கிறீர்கள். அலகில் வெள்ளையாக ஒரு சின்னக் கிழங்கு இருக்கிறது. அந்த நீர்க்கிழங்கு எந்தச் சோள வயலிலும் விளையாது. முத்னிட்சாவின் சேற்றில் விளைகிறது. தட்டைவாயன்களுக்குக் கிறுக்கும் இல்லை. கூட்டமாகச் சுற்றித் தண்ணீரைக் கலக்கி, மேலே வரும் பொடிப் பூச்சிகளை வடிகட்டித் தின்கின்றன. அதைப் பார்க்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். மாமி அதை அடுப்பில் போட எடுத்து வைத்திருந்தாள்!

இவற்றை முதலில் அனுப்பியிருந்தால் விதோஷ் பேனாவைப் பையிலிருந்து எடுத்திருக்கவே மாட்டார். இப்போது யார் நம்புவார்கள்? "இதுலயும் கயிறு தண்ணிக்குள்ள இருக்கும்" என்பார்கள்.

அதனால் நீங்கள் வர வேண்டும். ஏப்ரல் கூட்டத்தில் எழுந்து நின்று, எது கட்டியது, எது கட்டாதது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். எடுத்தவர் நீங்கள், வேறு யார் சொன்னாலும் செல்லாது. மாதோவும் வேட்டைச் சங்கத்து ஆட்களும் அங்கே இருப்பார்கள், தெரியும். கூச்சமாகத்தான் இருக்கும். நான் அதே மண்டபத்தில் பட்டதில் பாதிகூட இருக்காது.

இரண்டே வாக்கியம். முதல் கட்டுப் படங்கள் பொய். இரண்டாம் கட்டு நிஜம். மூன்றாவது வாக்கியம் வேண்டாம் மாமா. கையெடுத்துக் கேட்கிறேன், மூன்றாவது வாக்கியம் மட்டும் வேண்டாம்.

நெவென்கா


பார்லோவாட்ஸ்,
20 மார்ச் 1985

நெவென்கா,

வருகிறேன். உனக்காக இல்லை. ஏரிக்காக. ஏரி இல்லாவிட்டால் நான் எதில் படகு விடுவேன், ஆரஞ்சு மரத்துக்கு நடுவிலா?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். நான் உயிரைக் கொடுத்து எடுத்ததெல்லாம் பொய்யாம், கழித்துப் போட்டது பொக்கிஷமாம். இதை எந்த மனுஷன் எழுந்து நின்று சொல்வான்? உன் அப்பன் தச்சன். அவன் உடைத்துப் போட்ட நாற்காலிதான் அவன் செய்ததிலேயே சிறந்தது என்று ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல் பார்க்கலாம்.

மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். விலாங்குக் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "நீங்க உண்மையச் சொல்லப் போறீங்களா? இருங்க, நானும் கெளம்பறேன். இத இன்னொரு தடவ பாக்கக் கெடைக்காது" என்றாள். கரண்டியைப் பிடுங்கி ஏரியில் வீசினேன். (அது மிதந்து திரும்பி வந்தது.)

கூட்டத்துக்குப் போட வேண்டிய கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். இரண்டு வாக்கியம். எனக்கு எண்ணத் தெரியும்.

கிர்கோ


ஸாக்ரெப்,
21 ஏப்ரல் 1985

மாமா,

நான் ஏன் உங்களிடம் பேசாமல் ரயிலேறினேன் என்று மாமி கேட்டு எழுதியிருக்கிறாள். பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

நன்றாகத்தான் ஆரம்பித்தீர்கள். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றீர்கள். "கட்டுன வாத்து என்னோடது. சோளமும் என்னோடது" என்றீர்கள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நான் அப்போதே பார்த்தேன், அந்தச் சிரிப்பு உங்களுக்கு உறைக்கவில்லை, இனித்தது. விதோஷ் இரண்டாம் கட்டுப் படங்களைக் காட்டிக் கேட்டார்: "இதுவும் கட்டினதா?"

"இல்ல. அது தானா நடந்தது."

மாமா, அந்த ஒரு வாக்கியத்துக்காக உங்கள் எல்லாப் பொய்களையும் மன்னிக்கத் தயாராக இருந்தேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். நாற்காலி உங்கள் பின்னால்தான் இருந்தது.

மாதோ பின்வரிசையிலிருந்து கத்தினான்: "அட, அப்ப நல்லா வந்ததெல்லாம் பொய்யி, கேவலமா வந்ததுதான் நெசமா? ஒனக்குப் படம் புடிக்கவே வராதுன்னு சொல்லிட்டுப் போயேன் கிர்கோ!"

நீங்கள் திரும்பினீர்கள். நான் உங்கள் கோட்டின் நுனியைப் பிடித்தேன். உதறினீர்கள்.

"யாருக்குடா வராது? அதுவும் என் கைவேலதான்! கழுத்துல ஈயக் குண்டு கட்டி விட்டேன், தல கீழ போச்சு, வாலு மேல வந்துச்சு. ஏரி பூரா! ஒன்னால முடியுமாடா? ஒன் சங்கத்துல எவனாலயாவது முடியுமா?"

கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். குழுவின் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விதோஷ் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தாளை உங்களிடம் நீட்டினார், நீங்கள் மாதோவைப் பார்த்து இளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள்.

கழுத்தில் ஈயக் குண்டு கட்டினால் வாத்து மூழ்கிச் செத்துப்போகும். அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். இருந்தும் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது உங்களிடமிருந்து கிடைத்துவிட்டது. சந்தோஷமாகக் கொடுத்தீர்கள்.

நெவென்கா


பார்லோவாட்ஸ்,
12 மே 1985

நெவென்கா,

ஊர் சிரித்தால் நான் பொறுப்பா? அந்த மாதோ வாயைத் திறந்திருக்காவிட்டால் நான் இரண்டு வாக்கியத்தோடு உட்கார்ந்திருப்பேன். நீயும் சும்மா இல்லாமல் கோட்டைப் பிடித்து இழுத்தாய். நாலு பேர் முன்னால் மாமனைப் பிடித்து இழுக்கிற மருமகளை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

ஈயக் குண்டு ஒரு பேச்சுக்குச் சொன்னது. யாராவது நம்புவார்களா அதை? குழந்தைகூட நம்பாது.

திங்கட்கிழமை விதோஷின் ஆபீசுக்குப் போனேன். கதவை உதைத்துத் திறந்தேன். மேஜையில் ஒரு அடி அடித்தேன், மைக்கூடு எகிறிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. "அந்தப் படம் நிஜம்டா" என்று கத்தினேன்.

காபி வரவழைத்துக் கொடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். "கிர்கோ அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம் மேல போயிடுச்சு. இப்ப வந்து இல்லங்கறீங்க. நான் எந்த கிர்கோவ நம்பறது, போன மாசத்து கிர்கோவையா, இந்த மாசத்து கிர்கோவையா?"

காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மேஜையை அடிக்கவில்லை. அடிக்கத்தான் போனேன்.

நீ பதில் எழுது. திட்டியாவது எழுது.

கிர்கோ


ஸாக்ரெப்,
30 ஜூன் 1985

மாமா,

முடிவு வந்துவிட்டது. ஆகஸ்டில் முத்னிட்சாவில் இறைக்கும் இயந்திரங்கள் வைக்கிறார்கள். காரணம் எழுதியிருக்கிறார்கள்: "ஏரியில் வாத்துகள் இரை தேடுவதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை." நம்பத்தக்க என்ற சொல்லை யாரோ தட்டச்சில் அதே இடத்தில் இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள், அது மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான்டி. வாயத் தொறந்தா வண்டி வண்டியா வரும். சிரிச்சுட்டு விட்டுடணும்" என்றாள். அம்மாவோடும் சண்டை போட்டேன். சிரித்துவிட்டு விட்டவர்கள்தான் உங்களை இப்படி ஆக்கினார்கள். நானும் அதில் ஒருத்தி. சின்ன வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து, இன்னொன்று சொல்லுங்க மாமா, இன்னொன்று என்று கேட்டவள் நான்தான்.

இப்போது கேட்கவில்லை. கேமராவை அனுப்பிவிடுங்கள். அது மியூசியத்துடையது. கடிதம் எழுத வேண்டாம்.

நெவென்கா


பார்லோவாட்ஸ்,
16 நவம்பர் 1985

நெவென்கா,

எழுத வேண்டாம் என்றாய். கேமராவை அனுப்பச் சொன்னதும் நீதான். பெட்டிக்குள் ஒரு காகிதம் கிடந்தால் அதைக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கேமராவுக்குள் ஃபிலிம் சுருள் எதுவும் இல்லை, தேடாதே. உன் மேல் கோபம் எனக்கும் தீரவில்லை. உனக்கும் தீர வேண்டும் என்று இதை எழுதவில்லை.

ஏரி வற்றிவிட்டது. நடுவில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. கரையோரம் நீ சொன்ன அந்தக் கிழங்கு வெளியே தெரிகிறது. வெள்ளையாக, பட்டாணி அளவு. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். மாவு ருசி.

செவ்வாய்க்கிழமை காலை ஊசிவால்கள் வந்தன. எப்போதும் வருகிற திசையிலிருந்துதான். நான் கரையில் நின்றிருந்தேன். கேமரா கழுத்தில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நீ கயிறு எங்கே என்று பார்ப்பாய். பார்க்க வேண்டியதுதான்.

மத்தியானம் கடைக்குப் போனேன். மாதோ இருந்தான், சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கிளாஸில் ஊற்றினார்கள்.

"என்ன கிர்கோ, வாத்து வந்துச்சாமே?" என்றான் மாதோ.

"வந்துச்சு."

"அப்புறம்?"

"சுத்துச்சு. எறங்கல. போயிடுச்சு."

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரன் கிளாஸ் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டான். நான் கிளாஸைக் காலி செய்தேன்.

"அவ்வளவுதானா?" என்றான் மாதோ.

"அவ்வளவுதான்" என்றேன்.

கிர்கோ